உருகும் பனியும் உழவர் உரிமையும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பனிமலை. பனிமலையைக் கண்ணாலும் கண்டிராத நமக்கு இப்பேச்சு எதற்கு என்று நீங்கள் வினவக்கூடும். நீரின் உரிமை யாருக்கு, நீர் குன்றும்போது நட்டம் யாருக்கு என்ற வினா எந்நாட்டுக் கமக்காரனுக்கும் பொதுவானது. அவ்வினா இன்று கூர்மையாக எழுந்து நிற்குமிடங்களுள் ஒன்று தென் அமெரிக்காவிலுள்ள பேரு நாடு.

வெப்பவலயப் பனிக்கட்டியாறுகளுள் ஏறத்தாழ 70 வீதம் அந்நாட்டில் உள்ளன. அங்கே கோர்டிலேரா பிளாங்கா, அதாவது வெண்மலைத் தொடர், 6,768 மீற்றர் உயரமுள்ள உவஸ்கரான் சிகரத்தைத் தாங்கி நிற்கின்றது. அதன் மேற்குச் சரிவில் உருகும் நீரைத் திரட்டிக்கொண்டு சான்டா ஆறு பசுபிக் சமுத்திரத்தை அடைகின்றது. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கு மழை. மே முதல் செப்டெம்பர் வரை வரட்சி. அவ்வரண்ட மாதங்களில் ஆற்றை வற்றவிடாது காப்பது பனியே. நமக்குக் குளம் எப்படியோ, அம்மக்களுக்குப் பனிமலை அப்படி.

பெருகிக் குன்றும் ஆறு

உலகம் வெப்பமடைய அடைய அப்பனி சுருங்குகின்றது. 1962ஆம் ஆண்டின் பின் பேரு நாடு தன் பனிக்கட்டியாறுகளின் பரப்பில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. பனி உருகினால் ஆற்றில் நீர் பெருகத்தானே வேண்டும் என்பீர்கள். உண்மை, முதலிற் பெருகும். ஆனால் அது, வட்டியில் வாழ்ந்தவன் முதலையே எடுத்துச் செலவிடத் தொடங்கும்போது கையிற் புரளும் பணம் போன்றது. பனியின் பரப்புக் குறையக் குறைய உருகுவதற்கு மிஞ்சும் பனியும் குறைகின்றது. ஆறு ஓர் உச்சத்தை எட்டிப் பின் இறங்குகின்றது.

சான்டா ஆற்றுக்கு நீரளிக்கும் ஒன்பது நீரேந்து பிரதேசங்களை ஆராய்ந்து அறிஞர்கள் 2012இல் வெளியிட்ட முடிபின்படி, அவற்றுள் ஏழு அவ்வுச்சத்தை முன்னரே கடந்துவிட்டன. பனி முற்றாக நீங்கினால் மேற்சான்டாவின் வரட்சிக்கால நீரோட்டம் 30 வீதம் வரை குறையலாம் என்றும் அவர்கள் கணித்தனர். பயிர் நீரை நாடி நிற்கும் காலத்திலேதான் இக்குறைவு வந்து தாக்குகின்றது. அதுமட்டுமன்று. பனி விலகிய இடத்தில் கந்தகமும் உலோகமும் செறிந்த பாறைகள் வெளிப்பட்டு, சில ஓடைகளின் நீரைச் செந்நிறமாக்கி அமிலமாக்குகின்றன. எஞ்சும் நீரும் எல்லா இடத்திலும் வாய்க்காலுக்கு உகந்ததன்று.

இந்த ஒரே ஆற்றை நம்பி மேலே மலைக்குடியானவரின் கிழங்கும் சோளமும். இடையே நீர்மின் நிலையம். கீழே பாலைநிலக் கரையில் ஏற்றுமதிக்குப் பயிர்செய்யும் பெருந்தோட்டங்கள். 2008இல் பரோன் ஏரியின் நீரை மின் கம்பனியொன்று தன் தேவைக்கேற்பத் திறந்துவிட்டபோது, காராஸ் பகுதி உழவர்கள் திரண்டு சென்று ஏரியின் நீர்வாயிலைத் தம் வசப்படுத்தினர். சட்டம் காலத்தில் வந்து காவாதவிடத்து மக்கள் தாமே காவலராகின்றனர் என்பதற்கு இஃதோர் உதாரணம்.

நீதிமன்றில் ஓர் உழவர்

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது நம் முதுமொழி. இங்கோ விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர். இதனைக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டா? உவராஸ் நகரைச் சேர்ந்த உழவரும் மலைவழிகாட்டியுமான சவுல் லூசியானோ லியூயா 2015இல் ஜேர்மன் நீதிமன்றில் இக்கேள்வியை எழுப்பினார். அந்நகருக்கு மேலுள்ள பல்காகோச்சா ஏரி 1941 டிசெம்பரில் உடைத்துக் குறைந்தது 1,800 பேரைப் பலிகொண்டது. உருகும் பனியால் அவ்வேரி மீண்டும் பெருகிவிட்டது. உலகின் புகைவெளியீட்டில் ஆர்.டபிள்யூ.ஈ. என்னும் மின் கம்பனியின் பங்கு 0.47 வீதம், ஆதலின் காப்பு வேலைச் செலவில் அப்பங்கையேனும் அது செலுத்த வேண்டும் என்பதே அவர் வழக்கு.

எசென் நீதிமன்று 2016இல் வழக்கைத் தள்ளியது. ஹாம் மேல்நீதிமன்று அதை விசாரணைக்கு ஏற்றது. 2022இல் நீதிபதிகளே மலையேறி ஏரியைக் கண்டனர். 2025 மே 28ஆந் திகதி தீர்ப்பு வந்தது. உழவரின் வீட்டுக்கு நேரக்கூடிய ஆபத்துப் போதிய அளவினதன்று என்று வழக்குத் தள்ளப்பட்டது. ஆயினும், புகையை வெளியிடும் கம்பனி கடல்கடந்த அயலானுக்கும் பொறுப்பாளியாகலாம், தூரம் அதற்குத் தடையன்று என்று நீதிமன்று கூறியது. உழவர் தோற்றார், அவர் முன்வைத்த கொள்கை நிலைத்தது.

அவ்வழக்கு வெள்ளத்தைப் பற்றியது, நீர்க்குறைவைப் பற்றியதன்று என்பதை நாம் மறைக்கமாட்டோம். நீர் குன்றியதற்கு வழக்காட வேண்டின் சான்று வேண்டும். ஆண்டுதோறும் மாதந்தோறும் அளந்தெழுதிய நீரோட்டக் கணக்கே அச்சான்று. கணக்கில்லாதவன் வழக்கு, வேலியில்லாத பயிர்.

ஆகவே நாம் சொல்வது மூன்று. ஆற்றை அளக்குக, அக்கணக்கை உழவன் கையிலும் கொடுக்குக. பெருக்குக் காலத்து நீரை நம்பி உரிமை வழங்காது, கோடைக்கால நீரை வைத்தே பங்கிடுக. பனியை உருக்கிய புகையால் பொருளீட்டியவர், இழந்தவரின் சுமையில் தம் பங்கை ஏற்குக. இவை பிச்சையல்ல, நியாயம். மலைமேற் பனி நமக்காகக் காத்திராது. நியாயமும் அதுபோற் கரைந்துபோக நாம் இடங்கொடுத்தலாகாது.