ஓடலாம், அவசரப்படாமல் ஓடலாம்

(நமது கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன வருஷம் நம்ம ஊராட்சியிலிருந்து ஒன்பது பேர் மாவட்டத் தலைநகரில் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்தை ஓடி முடித்தோம். அன்றிலிருந்து, "எங்களாலயும் முடியுமா? முட்டி தேஞ்சு போகாதா?" என்று கேட்காத ஆளே இல்லை. அதனால் இன்று ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். அடிபடாமல் ஓடப் பழகுவது எப்படி?

இது நமக்கு ஏன் முக்கியம்? மாசச் சம்பளம் வாங்குறவங்க கால் வலின்னா லீவு போடலாம். நமக்குக் கூலி வேலை, களையெடுப்பு, தையல், இட்லிக் கடை. ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரக் கூலி போச்சு. கடன் தவணை மட்டும் நிற்காது. நமக்குக் கால்தான் முதல்.

"பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1984 வரைக்கும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் கிடையாது. அவ்வளவு தூரத்தைப் பெண் உடம்பு தாங்காது என்று பல காலம் சொல்லி வந்தார்கள். அந்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் தடவையாக நடத்தினார்கள். ஜோன் பெனாய்ட் என்ற அமெரிக்கப் பெண் 42 கிலோமீட்டரை 2 மணி 25 நிமிடத்துக்குள் ஓடி ஜெயித்தார். ஆக, தாங்கும். தாங்குற மாதிரி பழக்கணும், அவ்வளவுதான்.

முட்டி விஷயமும் அப்படித்தான். அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூடுதலாக வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே மூட்டு வலி, சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்க.

ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? ஓட ஆரம்பித்து ஒரு மாசத்தில் மூச்சு பழகிவிடும். "அட, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போகலாமே" என்று தோணும். ஆனால் எலும்பும் தசைநாரும் பழகப் பல மாசம் ஆகும். புதுப் பாரம் விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கொஞ்சம் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதுசாகக் கட்டும். பழைய சுவரை இடிச்சுட்டுப் புதுச் சுவர் எழுப்புற மாதிரி. சுவர் காயறதுக்குள்ள மேலே பாரம் ஏத்தினா விரிசல் விடும்தானே?

எங்களோடு ஓடிய ஒரு அக்காவுக்கு அதுதான் நடந்தது. பேரைச் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுன்னு அவங்களே சொன்னாங்க. வீட்டுக் கல்யாணத்துக்காக ரெண்டு வாரம் வரவில்லை. திரும்பி வந்ததும், விட்டதைப் பிடிக்க மூணு வாரத் தூரத்தை ஒரே வாரத்தில் ஓடினாங்க. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரு இடத்தில் வலி. "நான் நின்னா மத்தவங்களும் நின்னுடுவாங்க"ன்னு வெளியே சொல்லாமலே ஓடினாங்க. கடைசியில் டாக்டர் எலும்பில் விரிசல் என்றார். ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. அவங்க ரெண்டு தவணையை நாங்க குழுவாகச் சேர்ந்து கட்டினோம்.

வங்கி நமக்கு முதல் இணைப்பிலேயே பெரிய தொகை தருவதில்லை. ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துத்தான் அடுத்த கடனைக் கூட்டித் தருகிறது. உடம்புக்கும் அதே கணக்கு.

எங்கள் பயிற்சி இப்படித்தான் இருந்தது. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு தடவை. ஓடும்போது பக்கத்திலிருப்பவரோடு பேச முடியணும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் குறைத்தோம். பத்தாவது வாரம் 5 கிலோமீட்டர் வந்தது. அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் தூரத்தைக் கூட்டினோம், அதுவும் அரை கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் ஒரு கிலோமீட்டர். நான்காவது வாரம் வந்தால் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு. 20 வாரத்தில் 10 கிலோமீட்டர். இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால் அது போகட்டும். வட்டி போட்டு ஓட வேண்டாம்.

ஓடாத நாளில் பத்து நிமிடம் பலப் பயிற்சி. வாசற்படியில் நின்று குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குவது 15 தடவை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 15 தடவை. கெண்டைக்காலும் தொடையும் பலமாக இருந்தால் முட்டிக்குப் பாரம் குறையும்.

செருப்போடு ஓடாதீங்க. ஷூவைச் சாயங்காலம் வாங்குங்க, அப்போதுதான் கால் சற்று வீங்கி இருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். விலை அதிகம் என்பதற்காக நல்லது என்று இல்லை. காலுக்குப் பொருந்தினால் போதும்.

வலியில் இரண்டு வகை. இரண்டு காலிலும் பரவலாக வலித்து ரெண்டு நாளில் போனால், அது உழைத்த வலி. ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி வலித்தால், ஓட ஓடக் கூடினால், நொண்ட வைத்தால், ராத்திரி படுத்தாலும் வலித்தால், அன்றே நிறுத்துங்க, டாக்டரைப் பாருங்க. எலும்பு விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி தொடர்ந்தால் மறுபடி போங்க. நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் ஒரு அடிகூட ஓடக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம், பெண்கள் கூட்டத்தில்தான் பேச முடியும். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. தொடங்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதியுங்க. எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு ஓட முடியாது. கீரை, முட்டை, பயறு, கடலை உங்க தட்டிலும் இருக்கணும். சாப்பாடு பத்தாமல் ஓடினால் மாதவிலக்கு தள்ளிப்போகும், எலும்பும் பலவீனமாகும். அது எச்சரிக்கை.

அடுத்து, ஓடும்போது சிறுநீர் கசிவது. பிள்ளை பெற்ற பலருக்கும் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறுநீரை அடக்குவது போல இடுப்புத் தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சியால் பலருக்குக் குறையும். பிரசவமாகி மூன்று மாசமாவது போகட்டும், அப்புறம் ஓடலாம்.

நம்ம குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் நோட்டில் ஏறுகிறது. ஓடுகிறவர்களுக்காக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். எவ்வளவு தூரம், எங்கே வலி என்று இரண்டே பத்தி. வலி என்று எழுதியவரை யாரும் அன்று ஓட விடமாட்டோம், கேலியும் பண்ணமாட்டோம். அந்த அக்காதான் இப்போது அந்த நோட்டை எழுதுகிறார், எங்களோடு திரும்ப ஓடவும் செய்கிறார்.

திங்கள், புதன், சனி காலை ஐந்தரைக்கு ஏரிக்கரைக்கு வாங்க. முதல் நாள் ஒரு நிமிடம்தான் ஓட்டம்.