குழந்தைகளின் படிப்பைச் சோதிக்கும் முறை
(வத்தல்மலைக் கூட்டுறவு அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்வது எவரையும் அவமானப்படுத்துவதற்கன்று. இருப்பும் நிலுவையும் அறிந்து, மேற்கொண்டு செய்ய வேண்டியதைத் தீர்மானிப்பதற்கேயாம். குழந்தைகளின் படிப்பைச் சோதிப்பதும் அத்தகையதே.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முடிய எக்குழந்தையையும் தேர்ச்சியின்றி நிறுத்தி வைப்பதில்லை. இது நல்லதே. ஆயினும், வாசிக்க அறியாத குழந்தையும் ஆண்டுதோறும் மேல் வகுப்புக்குச் செல்லும். பத்தாம் வகுப்பிலோ பாடந்தோறும் நூற்றுக்கு 35 மார்க்கு வேண்டும். குறை அப்பொழுது வெளிப்பட்டால் பயன் யாது?

ஆதலால் தொடக்கத்திலேயே படி அறிதல் அவசியம். பிரதம் என்னும் ஸ்தாபனம் 2005-ல் தொடங்கிய ‘அசர்’ என்னும் கிராமக் கணக்கெடுப்பில், 5 முதல் 16 வயதுள்ளோரை வீட்டிலேயே தனித்தனியே சோதிப்பர். முதலில் நான்கு எளிய வாக்கியங்களை வாசிக்கச் சொல்வர். தங்குதடையின்றி வாசித்தால் இரண்டாம் வகுப்புக் கதையைத் தருவர். இயலாவிடில் ஐந்து சொற்கள்; அவற்றுள் நான்கேனும் சரியாக வேண்டும். அதுவும் இயலாவிடில் எழுத்துக்கள். கணக்கில் கடன்வாங்கிக் கழித்தல் இரண்டும் சரியானால் வகுத்தலைக் கொடுப்பர். மார்க்கு இல்லை, குழந்தை எட்டிய மேற்படியே குறிக்கப்பெறும்.

நமது அரசு 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, அவ்வந்நிலைக்கேற்பக் கற்பிக்கும் நோக்கமுடையது. அரும்பு என்றால் இழிவென்று கருதற்க. பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பதையே அது காட்டுகிறது.

சோதிக்கும்பொழுது அருகில் நின்று விடை சொல்லிக் கொடுத்தலும், தவறினால் அதட்டுதலும் கூடா. விடை சொல்லிக் கொடுப்பது பொய்க்கணக்கு எழுதுவதை ஒக்கும், நஷ்டம் குழந்தைக்கே.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. அங்கே சென்று, “எத்தனை மார்க்கு?” என்று மட்டும் கேளாமல், “என் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது? அடுத்த படிக்கு என்ன செய்கிறீர்கள்?” என்று உபாத்தியாயரைக் கேளுங்கள்.

காப்பிக்கொட்டையும் மிளகும் விற்கையில் வியாபாரி தரும் சீட்டையும், சங்கத்துக் கடன் பத்திரத்தையும் பிறரை நம்பாது தாமே வாசித்துக் கூட்டிப்பார்க்கும் மக்களே நாளைய அங்கத்தினராதல் வேண்டும். அடுத்த கூட்டத்திற்குள் தத்தம் குழந்தையின் படியை ஒவ்வொருவரும் அறிந்து வருமாறு வேண்டி, இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறேன்.