மண்ணை மூடுவோம், பேரைக் காப்போம்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை விட்டதும் கானைப் பாருங்கள். அதில் கலங்கி ஓடுவது நம் மலையின் மேல்மண். மண் போனால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் கிலோ எட்டாது. கிலோ எட்டாவிட்டால் நமக்கு அரைப் பேர்தான்.

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையை வெறுமனே விடக் கூடாது. மானாப் புல் அல்லது குவாத்தமாலாப் புல் நடும்படி தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை புல் நிற்க வேண்டும். அவ்வப்போது வெட்டி, வெட்டியதை அங்கேயே பரப்ப வேண்டும். அப்போதுதான் மண் தேறும்.

இரண்டில் எது? குவாத்தமாலா மாட்டுக்கு நல்ல தீனி. லயத்தில் மாடு வளர்க்கிறோம். கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்துவிட்டால் மலைக்கு என்ன மிஞ்சும்? மானாவை மாடு விரும்பாது. அது மண்ணுக்கே சேரும். ஆகவே மலைக்கு மானா, தீனிக்குத் தனித் துண்டில் குவாத்தமாலா என்று நிர்வாகத்திடம் கேட்போம். புல் நடவும் வெட்டவும் முழுப் பேர் போடச் சொல்வோம்.

வீட்டுத் தோட்டத்துக்கும் இதே கணக்குத்தான். நோயில்லாத போஞ்சிக் கொடியை, காய்த்து முடிந்ததும் வேரோடு பிடுங்காதீர்கள். அடியில் அறுத்து மண்மேல் பரப்புங்கள். வேர் உள்ளேயே மக்கி உரமாகும். பாத்தி முழுவதையும் கொத்தாமல், நாற்றுக்கு மட்டும் குழி எடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் டிவிசனில் வெறுமனே கிடக்கும் மலைகளின் நம்பரை எழுதி வாருங்கள். அதை வைத்தே பேசுவோம்.