லைன்

(கிளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்கோ. பதினோராவது நிமிஷம் மைக்கை வாங்கிடுவோம்" என்று செயலர் முன்னாடியே சொல்லிவிட்டார். அதனால் சின்னதாக ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொண்டேன். லைன்.

ரேஷன் கடையில் நிற்பது லைன். டெலிபோனில் "லைன்ல இருங்கோ" என்றால் காத்திருக்க வேண்டும். "பையன் எந்த லைன்ல இருக்கான்?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டால் அது உத்தியோகம். அதே பையன் "லைன் அடிக்கிறான்" என்று காதில் விழுந்தால் தகப்பனார் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்!

நான் வளர்ந்தது கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில். பௌரிங்பேட்டை என்று அப்போது பெயர் கொண்ட பங்காருப்பேட்டையிலிருந்து 1894இல் போட்ட ரயில் லைன், சுமார் 16 கிலோமீட்டர் ஓடி எங்கள் ஊரோடு முடிகிறது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கரண்ட் லைன் இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று.

ஆனால் எங்கள் ஊரில் வெறுமனே லைன் என்றால் வீடு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தொழிலாளிகளுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்னஞ்சிறு வீடுகள். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே வார்த்தைதான். அங்கே அது 'லயம்' ஆகிவிட்டது.

என் தகப்பனார் குமாஸ்தா. "பள்ளிக்கூடம் விட்டா நேரா ஆத்துக்கு வா, லைன் பக்கம் போகாதே" என்பார். அந்த வார்த்தைக்கு 'கோடு' என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஒருநாள் நல்ல மழை. வகுப்புத் தோழன் லைனில் இருந்த தன் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். அவன் அம்மா தலை துவட்டத் துண்டு கொடுத்து, சூடாகக் காபியும் கொண்டுவந்து வைத்தார். "வேண்டாம், தாகமில்லை" என்றேன். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

2001இல் சுரங்கம் மூடியது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கிய ஜனங்களின் பிள்ளைகள், இன்று விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவு திரும்புகிறார்கள். பல வருஷம் கழித்து அந்த ரயிலில் என் தோழனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. வீட்டுக்குக் கூப்பிட்டான். அதே லைன், அதே வீடு. வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கேட்டான்: "இப்பவாவது தாகம் இருக்கா, சாமி?"

இரண்டு டம்ளர் குடித்தேன். கொடுக்க வேண்டிய அந்த அம்மாள்தான் இல்லை.

ஒற்றைத் தண்டவாளத்தில் அடுத்த ஸ்டேஷன் 'லைன் கிளியர்' கொடுத்தால்தான் ரயில் நகரும். அந்த லைனில் எனக்கு அதை அவர்கள் அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். நகராமல் நின்றவன் நான்தான்.

செயலர் மைக்கைப் பார்க்கிறார்.