சாக்ஸ் போடாத மாமாவுக்கு நாலு மார்க்

தூத்துக்குடியில இருந்து பேசுறேன். வழக்கமா இங்க ஆப், கோடு, பக்னு பேசுவோம். இன்னைக்கும் ஒரு பக்தான். ஆனா அது கோடுல இல்ல, நான் எழுதின தமிழ்ல இருந்துச்சு.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் எலும்பு மருத்துவத்துல மேற்படிப்பு படிக்கிறான். ஒருநாள் கூப்பிட்டு, "ஆக்ஸ்ஃபோர்ட் ஹிப் ஸ்கோர்னு ஒரு கேள்வித்தாள் இருக்குடா. தமிழ்ல மொபைல் ஃபார்ம் மாதிரி ஒரு டெமோ பண்ணித் தர்றியா?"ன்னு கேட்டான். 1996-ல இங்கிலாந்துல வந்தது. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் பண்ணவங்ககிட்ட, கடைசி நாலு வாரத்துல வலி எப்படி, நடை எப்படின்னு கேக்குற 12 கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 4 மார்க். மொத்தம் 48. மார்க் கூடுனா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். எக்ஸ்ரே பாத்து டாக்டர் போடுற மார்க் இல்ல இது. நோயாளியே தனக்குப் போட்டுக்குற மார்க்.

12 கேள்விதானே, ஒரு சனிக்கிழமை போதும்னு நினைச்சேன். சனிக்கிழமை முடிச்சேன். ஞாயித்துக்கிழமை டெஸ்ட் பண்ண என் மாமாகிட்ட போனேன்.

மாமா சங்கு குளிச்சவர். நம்ம மன்னார் வளைகுடாவுல கடைசி முத்துக்குளிப்பு 1961-ல முடிஞ்சுபோச்சு. சங்கு குளிக்கிறது மட்டும் தொடர்ந்துச்சு. அந்தக் காலத்துல மூச்சை அடக்கிக்கிட்டு இறங்குவாங்க. மாமா காலத்துல படகுல கம்ப்ரசர் ஓடும், அதுல இருந்து ஒரு குழாய், அதுதான் மூச்சு. அழுத்தமான காத்தைக் கீழ ரொம்ப நேரம் சுவாசிச்சா நைட்ரஜன் உடம்புல கரையும். வேகமா மேல வந்தா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழா வெளிய வரும். அந்தக் குமிழ் எலும்புக்குப் போற சின்ன ரத்தக்குழாயை அடைச்சா, எலும்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். தொடை எலும்போட உருண்டைத் தலையும் தோள்பட்டையும்தான் அதிகமா மாட்டும். இதுக்குப் பேர் டிஸ்பாரிக் ஆஸ்டியோநெக்ரோசிஸ். மாமாவுக்கும் அதுதான்னு டாக்டர் சொன்னார். அம்பது வயசுக்குள்ள மூட்டை மாத்தியாச்சு.

முதல் கேள்வியிலயே நான் ஃபெயில். "உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?"ன்னு எழுதியிருந்தேன். மாமா கையைப் பின்னால கொண்டுபோய் முதுகுக்குக் கீழ வச்சு, "அது மழை நேரத்துல வரும்லே"ன்னார். யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல இடுப்பு வலின்னா முதுகின் அடிப்பக்கம். பொம்பளைங்க சொன்னா பிரசவ வலியாகவும் இருக்கலாம். ஆனா இடுப்பு மூட்டு கெட்டா வலி பெரும்பாலும் தொடை இடுக்குல, கவட்டையில வரும். நான் கேட்டது ஒரு இடம், அவர் மார்க் போட்டது வேற இடம். ஃபார்ம் எந்த எரரும் காட்டல.

அடுத்து, "சாக்ஸ் போட முடிகிறதா?"

மாமா சிரிச்சார். "சாக்ஸா? கல்யாணத்தன்னைக்குப் போட்டதுதாம்லே. எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல."

கஷ்டம் இல்ல. நாலு மார்க்.

அப்புறம் வலி எவ்வளவுன்னு தேர்ந்தெடுக்கணும். நடுவுல "மிதமான"ன்னு போட்டிருந்தேன். "அப்படின்னா?"ன்னு கேட்டார். "சுமார்"னு மாத்துனேன். "சுமார்னா பரவால்லன்னுதானே அர்த்தம்?"னார். நான் நினைச்சது பாதி வலி. அவர் எடுத்துக்கிட்டது, வலி பெருசா இல்ல.

கடைசில ஒரு கேள்வி: வழக்கமான வேலைக்கு வலி எவ்வளவு தடையா இருக்கு? மாமா கொஞ்ச நேரம் கடலைப் பாத்துட்டு இருந்தார். "வேலைக்கே போறதில்லையேலே. அப்புறம் என்ன தடை?" தடை இல்ல. இன்னும் நாலு மார்க்.

மொத்தம் 43. ஸ்கிரீன்ல பச்சைக் கலர்ல வந்துச்சு. தொழிலை விட்ட மனுஷன் என் ஃபார்ம்ல ஏறக்குறைய முழு ஆரோக்கியம். மக்களே, அந்தப் பச்சையை நானே கோடு பண்ணேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

சரி, முறையா எப்படி பண்ணுவாங்க? 2000-ல வெளியான ஒரு வழிமுறையைத்தான் பலரும் பின்பத்துறாங்க. முதல்ல ரெண்டு பேர் தனித்தனியா மொழிபெயர்க்கணும். ஒருத்தருக்கு மருத்துவம் தெரியணும், இன்னொருத்தருக்கு அந்தத் துறையே தெரியக்கூடாது. அப்பதான் சாதாரண ஆள் பேசுற சொல் கிடைக்கும். ரெண்டையும் ஒண்ணாக்கணும். அப்புறம் மூலத்தையே பாக்காத வேற ரெண்டு பேர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பணும். என் "இடுப்பு வலி" அங்கயே "பேக் பெயின்"னு திரும்பி வந்து மாட்டியிருக்கும். அப்புறம் ஒரு குழு உட்கார்ந்து பேசணும். கடைசில 30, 40 பேர்கிட்ட கேட்டு, பதிலை மட்டும் இல்லாம, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது?"ன்னும் கேக்கணும்.

இது வெறும் மொழிபெயர்ப்பு. வேலிடேஷன் இதுக்கு அப்புறம்தான். ஒரே ஆளை ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பக் கேக்கணும். உடம்புல மாற்றம் இல்லேன்னா மார்க்கும் மாறக்கூடாது. ஏற்கெனவே நம்பகமான இன்னொரு அளவுகோலோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் கேட்டா வித்தியாசம் தெரியணும். நிறைய பேர் முழு மார்க் வாங்கினா, பொதுவா 15 சதவீதத்துக்கு மேல, அந்தக் கேள்வித்தாளால அவங்களுக்குள்ள வித்தியாசம் பாக்க முடியலன்னு அர்த்தம். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது, ஆனா டெஸ்ட் எதையுமே செக் பண்ணலன்னு நாம சொல்வோம்ல, அதே கதைதான்.

அரபியிலயும் இந்த வேலை நடந்திருக்கு. ஹூஸ்னு இன்னொரு இடுப்பு மூட்டுக் கேள்வித்தாளுக்கு அரபி வடிவம் இருக்கு. அவங்க சிக்கல் நமக்கு அப்படியே புரியும். இருபதுக்கு மேல நாடுகள், எழுதுறது ஒரு அரபி, வீட்டுல பேசுறது வேற அரபி. தொழுகையில மண்டியிட்டு, குனிந்து, நெத்தியைத் தரையில வைக்கணும். மூட்டுக்கு அது பெரிய விஷயம். நாற்காலியையும் காரையும் நினைச்சு எழுதுன கேள்வியில அது வராது. காயல்பட்டினம் பக்கத்துல இருக்குற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தமிழ்ல இந்த மாதிரி யோசிச்சதே இல்லையான்னா, இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 1990-கள்ல வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்குச்சு. ஆரம்பத்துல உலகம் முழுக்க 15 மையங்கள், அதுல சென்னையும் ஒண்ணு. ஒரு ஊர்ல எழுதி மத்த ஊருக்கு அனுப்பல, எல்லா ஊர்லயும் சேர்ந்தே உருவாக்குனாங்க. "சுமார்" பிரச்சினைக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒரு கோடு போட்டு, ஒரு முனையில "இல்லவே இல்ல", இன்னொரு முனையில "ரொம்ப ரொம்ப". நடுவுல வர்ற ஒவ்வொரு சொல்லையும் இந்தக் கோட்டுல எங்க வைப்பீங்கன்னு ஜனங்ககிட்டயே கேட்டாங்க. கால், அரை, முக்கால் இடத்துல எது விழுதோ, அந்தச் சொல்லை எடுத்துக்கிட்டாங்க.

இதெல்லாம் படிச்ச ஜோர்ல நான் அடுத்த தப்பைப் பண்ணேன். சாப்பிட்டு நாற்காலியில இருந்து எந்திரிக்கும்போது வலிக்குதான்னு ஒரு கேள்வி. நம்ம ஆளுங்க தரையில சம்மணம் போட்டுத்தானே சாப்பிடுவாங்கன்னு "தரையில இருந்து"ன்னு மாத்திட்டேன். ஃப்ரெண்ட் உடனே தடுத்தான். "தரையில இருந்து எந்திரிக்கிறது ரொம்பக் கஷ்டமான வேலைடா. அதோட, மூட்டு நழுவிரும்னு தரையில உக்காரவே வேண்டாம்னு நாங்கதான் சொல்லி அனுப்புறோம். நீ வலியைக் கேக்கல, டாக்டர் பேச்சைக் கேட்டாரான்னு கேக்குற." அது மட்டும் இல்ல, மாத்துனா நம்ம 48-ஐ வேற ஊர் 48-ஓட ஒப்பிடவும் முடியாது. சாக்ஸுக்குப் பதிலா கால் நகம் வெட்டுறதைக் கேட்டுப் பாக்கலாம், ஏன்னா உடம்பு வளையுறது கிட்டத்தட்ட அதே மாதிரி. அதையும் டெஸ்ட் பண்ணித்தான் ஏத்துக்கணும். சம்மணம், குத்தவச்சு உக்கார்றது, மண்டியிடுறது எல்லாத்தையும் தனிப் பகுதியாக் கேட்டு, தனியா சோதிக்கணும்.

அந்த ஃபார்மை நான் யாருக்கும் அனுப்பல. டெமோவாவே நின்னுடுச்சு. ஆனா மாமாகிட்ட திரும்பப் போனேன், இந்தத் தடவை மொபைல் இல்லாம. "மாமா, ஆபரேஷனுக்கு அப்புறம் எது முடியல, நீங்களே சொல்லுங்க"ன்னேன். தரையில உக்கார்ந்து வலை சரிபண்ண முடியல. படகு ஆடும்போது கால் ஊன்ற பயமா இருக்கு. பனிமய மாதா கோயில்ல எல்லாரும் மண்டியிடும்போது இவர் மட்டும் பெஞ்சுல. "ஆனா ராத்திரி வலி இல்லாமத் தூங்குறேம்லே. அதையும் எழுதிக்கோ"ன்னார்.

எழுதிக்கிட்டேன். ஆபரேஷன் நல்லதும் பண்ணியிருக்கு, ஒரு எல்லையும் போட்டிருக்கு. ரெண்டும் சேர்ந்ததுதான் மாமா. 43-ங்கிற நம்பர்ல அது இல்ல.

இங்கிலாந்துல 2009-ல இருந்து இந்த ஆபரேஷன் பண்றவங்ககிட்ட முன்னாடியும் ஆறு மாசம் கழிச்சும் இதே கேள்வித்தாளைக் கொடுக்குறாங்க. நம்ம ஆஸ்பத்திரிகள்லயும் இப்படி ஃபார்ம் வரும், வரணும். வரும்போது உங்க அப்பா, அம்மாவுக்குப் பதிலா நீங்க டிக் பண்ணிடாதீங்க. கேள்வியை நம்ம பேச்சுல கேளுங்க. வலி எங்கன்னு விரலால தொட்டுக் காட்டச் சொல்லுங்க. "கஷ்டம் இல்ல"ன்னு சொன்னா, செய்ய முடியுதா, இல்ல செய்யுறதையே விட்டுட்டாங்களான்னு இன்னொரு தடவை கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம். வரட்டுமா மக்களே.