துறவி பாடிய இல்லறம்



திருச்சியிலிருந்து சென்னை போகும் சாலையில், பெரம்பலூருக்குச் சற்று முன்னால் சிறுவாச்சூர். அங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடுதான் இறங்குவார்கள். மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும் திறக்கும். குலதெய்வம் என்று சொல்லித் தாத்தா, பேரன், கைக்குழந்தை சகிதம் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அங்கிருந்து தென்கிழக்கே, அரியலூரையும் தாண்டிக் கொள்ளிடக்கரைப் பக்கம் போனால் ஏலாக்குறிச்சி. அங்கே அடைக்கல மாதா கோயில். அங்கும் மொட்டை, காதுகுத்து, நேர்த்திக்கடன். வருகிறவர்களில் இந்துக் குடும்பங்களும் உண்டு. எந்தச் சாமியானாலும் இந்தப் பக்கத்தில் வீட்டோடு போய்க் கும்பிடுவதுதான் வழக்கம்.

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டியவர் வீரமாமுனிவர். பள்ளிக்கூடத்தில் சதுரகராதிக்காக அவரைப் படித்திருப்போம். அவர் எழுதிய பரமார்த்த குருவையும் சீடர்களையும் நினைத்துச் சிரித்திருப்போம். இன்றைக்கு வேறு காரணத்துக்காக அவரிடம் போகிறேன். கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் சாமியார்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அவர்தான்.

வீரமாமுனிவரின் இயற்பெயர் பெஸ்கி. இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்தவர். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றது 1709-இல். பதினோரு வருடம். இன்றைக்குப் பிளஸ் டூ முடித்துவிட்டுக் குருமடத்தில் சேரும் பையனுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் பிடிக்கிறது. மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பு, நடுவில் பங்குகளில் களப்பணி, பிறகு திருத்தொண்டர் பட்டம். இருபத்தைந்து வயது நிரம்பாமல் குருப்பட்டம் கிடையாது என்கிறது திருச்சபைச் சட்டம். மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்று திரெந்துப் பொதுச்சங்கம் ஆணையிட்டது 1563-இல். அதற்கு முன்னால் ஒழுங்கான படிப்பில்லாமலே பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். அந்த அவலத்துக்கு மருந்தாக வந்ததுதான் குருமடம்.

இவ்வளவு படித்துவிட்டு வந்த பெஸ்கி, தமிழ்நாட்டில் மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார். முப்பது வயதுக்கு மேல் தமிழ் இலக்கணமும் காப்பியமும் கற்றார். கற்று எதைப் பாடினார் என்பதுதான் எனக்கு வியப்பு. மணமாகாத துறவி அவர். போதகர்களையோ வேதசாட்சிகளையோ பாடியிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது நாசரேத்தூர்த் தச்சரை. தேம்பாவணியின் பாட்டுடைத் தலைவன் வளன், அதாவது நம் சூசையப்பர். வேதாகமத்தில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவில் சொன்னதைக் கேட்டு எழுந்து, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டுவிடுகிற மனிதர். வாய் திறக்காத அந்தக் குடும்பத் தலைவருக்காக 36 படலம், 3,615 பாட்டு!

திருக்குறளையும் அவர் லத்தீனில் பெயர்த்தார். அறமும் பொருளும் மட்டும், காமத்துப்பாலை விட்டுவிட்டார். சாமியார்தானே என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அறத்துப்பாலில் இல்லறவியல் இருக்கிறது, அதுவும் துறவறவியலுக்கு முன்னால். அந்த வரிசை அவர் கண்ணில் படாமல் போயிருக்காது என்பது என் ஊகம்.

அவர் எழுதியவற்றில் இந்தப் பேச்சுக்கு மிக நெருக்கமான நூல் வேதியர் ஒழுக்கம். உபதேசியார்களுக்காக எழுதப்பட்டது அது. இயேசு சபையின் அன்றைய மதுரை மிஷனில் சாமியார்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில்தான் இருந்தார்கள். ஒரு கிராமத்துக்குச் சாமியார் வந்துபோனால் அடுத்து எப்போது வருவார் என்று தெரியாது. நடுவில் செபம் சொல்லிக்கொடுத்தவர், சாகக்கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தவர், இறந்தவரை மந்திரித்து அடக்கம் செய்தவர் எல்லாம் உபதேசியார்தான். வீடும் காடும் பிள்ளைகுட்டியும் உள்ள ஆள். 1773-இல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டபோது நிலைமை இன்னும் மோசமானது. அதற்குப் பிறகும் இங்கே விசுவாசம் அறுந்துபோகவில்லை என்றால், உபதேசியாரும் வீட்டுக் கிழவிகளும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏலாக்குறிச்சி வட்டாரம் சேர்ந்திருக்கும் கும்பகோணம் மறைமாவட்டம் 1899-இல் உருவானது. தமிழ்நாட்டில் இந்தியர் ஒருவர் ஆயரானது 1923-இல், தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச். அந்தக் காலம் வரைக்கும், ஏன், அதற்குப் பின்னும் நாற்பது ஆண்டுகள் பூசை லத்தீனில்தான். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று முணுமுணுப்பார். பின்னால் சனங்கள் தமிழில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழி திறந்துவிட்ட பிறகுதான் பீடத்துக்கும் தமிழ் வந்தது.

இப்போது பழைய லத்தீன் பூசைதான் வேண்டும் என்று கேட்கிற இளைஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்; தமிழ்நாட்டிலும் சிலர். 2007-இல் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் அதற்கு இடம் கொடுத்தார், 2021-இல் பிரான்சிஸ் அதை இறுக்கினார். அந்த இளைஞர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மைக்கும் கீபோர்டும் அலறுகிற கோயிலில் கொஞ்சம் அமைதி வேண்டும் என்று ஒருவர் ஏங்குவது நியாயமே. ஆனால் பாரம்பரியம் என்று அவர்கள் தேடுவது லத்தீனில் மட்டும் இருந்ததில்லை, நம் பாட்டிமார் வாயில் தமிழாகவும் இருந்தது. பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி, முழங்காலில் நின்று, பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்துச் சொன்ன மந்திரங்கள் அவை. மார்ச் மாதம் சூசையப்பருக்கு, மே மாதம் மாதாவுக்கு, அக்டோபர் செபமாலைக்கு என்று வருடத்தைப் பங்குபோட்டு வைத்திருந்தது அந்த வீடு.

அந்த வீடு இன்றைக்கு எப்படி இருக்கிறது? அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்கிறார். அம்மா மக்காச்சோளக் காட்டிலிருந்து திரும்பவே இருட்டிவிடுகிறது. பிள்ளை கையில் செல்போன். முன்னே ஆறு பிள்ளை பெற்ற வீடு, ஒன்றைச் சாமிக்கென்று விட்டது. இன்று இருப்பதே ஒரு பையன். அவன் குருமடம் போகிறேன் என்றால் தாய்க்கு வயிற்றைப் பிசைவதில் என்ன தப்பு? அவளுடைய பக்தியை அதை வைத்து எடைபோடாதீர்கள்.

2016-இல் வத்திக்கான் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி நெறிமுறை, மெய்யியல் படிப்புக்கு முன்னால் ஒரு தயாரிப்புக் காலம் கட்டாயம் என்றது. செபிக்கவும் கூடி வாழவும் பழகிக்கொள்ளும் காலம் அது. அடுக்களைத் திண்ணையில் கிடைத்துவந்ததை இப்போது பாடத்திட்டமாக வைக்க வேண்டியிருக்கிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அந்தத் தயாரிப்புக் காலத்தில் சில மாதமாவது அந்தப் பையன்களைக் கிராமத்து வீடுகளில் தங்கவிடலாம். கடன், குடி, வரன் பார்த்தல், மாமியார் மருமகள் சண்டை எல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நாளைக்குத் திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். குருமடத்துக்குப் போய், நாலைந்து வருடத்தில் இது நமக்கான வழி இல்லை என்று திரும்பி வருகிற பிள்ளைகள் உண்டு. ஊரில் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். "மடத்திலிருந்து வந்துட்டானாம்" என்று கிசுகிசுப்பார்கள். என்ன தப்புப் பண்ணினான் என்று துருவுவார்கள். பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். பெண் கொடுக்கத் தயங்குவார்கள். பத்து வருடப் பயிற்சி என்பதே ஆராய்ந்து பார்ப்பதற்குத்தான். ஆராய்ந்து பார்த்தவன் வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படி வந்தவன் வேலை பார்ப்பான், கல்யாணம் கட்டுவான், பிள்ளை வளர்ப்பான். வீரமாமுனிவர் காப்பியம் பாடியது அந்த மாதிரி ஒரு வாழ்க்கையைத்தான். வருகிற மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் அந்தப் பையனையே கூப்பிட்டு செபம் நடத்தச் சொல்லுங்கள். நன்றாகப் படித்தவன், நன்றாகவே நடத்துவான்.