பையன்கள், பட்ஜெட், ஒரு ஜோடி ஷூ

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில், ‘குடும்ப நேரம்’ பகுதியில் மூன்றாம் மாடி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



“குறைந்த வருமானத்தில் ரெண்டு பையன்களை வளர்க்கிறாயே, அதைப் பற்றிப் பேசேன்” என்று செயலாளர் அக்கா கேட்டபோது முதலில் தயங்கினேன். நாங்கள் இங்கே வாடகைக்கு இருப்பவர்கள். வருமானத்தைப் பற்றிச் சபையில் பேசுவது நமக்கெல்லாம் பழக்கம் இல்லாத விஷயம். ஆனால் பேச வேண்டிய ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. என் வீட்டுக்காரர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் 24,000. நான் பிளவுஸ் தைத்து, ஃபால்ஸ் அடித்து மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு சம்பாதிக்கிறேன். ஆக 29,500. வாடகை 7,500, மெயின்டனன்ஸ் 900, ரெண்டு பையன்களின் பள்ளிக்கு மாதாமாதம் எடுத்து வைப்பது 5,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் சேர்த்து 8,500, வண்டிக்கு பெட்ரோல் 1,500, கரண்ட், போன் 1,300, ஊரில் மாமனார் மாமியாருக்கு 2,000, தபால் நிலைய ஆர்.டி. 1,000. கூட்டிப் பார்த்தால் 27,700. மீதி 1,800. டாக்டர், துணிமணி, கல்யாணம் காதுகுத்து, பிறந்தநாள், எல்லாம் அந்த ஆயிரத்து எண்ணூறுக்குள்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு செலவு உண்டு. நீங்கள் சிரிக்கிறீர்கள், தெரிந்துவிட்டது. பௌர்ணமி! மாதம் தவறாமல் கிரிவலத்துக்கு வரும் சொந்தக்காரர்கள். “அண்ணாமலையாரைப் பார்த்துட்டு அப்படியே உங்களையும் பார்த்துட்டுப் போலாம்னு” என்று ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். சந்தோஷம்தான். ஆனால் இட்லி மாவு ரெண்டு நாளைக்கு ஆட்டியது அன்றைக்கே தீர்ந்துபோகும். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம், பத்து நாளும் வீடு சத்திரம்தான்.

சரி, எப்படிச் சமாளிக்கிறோம்? எனக்குத் தெரிந்த சிலதைச் சொல்கிறேன்.

ரேஷன் கடைக்குப் போக நான் வெட்கப்படுவதில்லை. துவரம் பருப்பு கிலோ முப்பது ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் இருபத்தைந்து ரூபாய்க்கும் வேறு எங்கே கிடைக்கும்? புழுங்கல் அரிசி நன்றாக இருக்கிற மாதம் இட்லிக்கு ஊறப்போட்டால் பூப்போல வரும். “அபார்ட்மென்ட்ல இருந்துக்கிட்டு ரேஷன் கடையா?” என்று ஒருவர் கேட்டார். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கும் வயிறு அதே இடத்தில்தான் இருக்கிறது.

பையன்கள் பள்ளி விட்டு வந்ததும் பசியில் சுவரையே தின்றுவிடுவார்கள் போல இருக்கும். முன்பெல்லாம் பிஸ்கட் பாக்கெட்டுக்கே மாதம் அறுநூறு ஆகும். நம் மாவட்டமே வேர்க்கடலை விளைகிற மாவட்டம். இப்போது சாயங்காலம் அவித்த வேர்க்கடலை, இல்லாவிட்டால் கேழ்வரகு அடை. உழவர் சந்தைக்குக் கடை முடிகிற நேரத்தில் போனால் காய் இன்னும் மலிவு. சின்னவன் கூடவே வந்து கத்தரிக்காயில் சொத்தை பார்த்து எடுப்பான். ஏழு வயசு, என்னைவிட நன்றாகப் பார்க்கிறான்.

சேமிப்பு பற்றி நிறைய பேர் கேட்கிறீர்கள். பெண் குழந்தைக்குச் செல்வமகள் திட்டம் இருக்கிறது, பையனுக்கு என்ன என்று. தபால் நிலையத்தில் பையன் பெயரில் பி.பி.எஃப். கணக்கு தொடங்கலாம். பொன்மகன் என்று சொல்வது அதைத்தான். வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய் கட்டினால் போதும், பதினைந்து வருஷம். ஆர்.டி. என்றால் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், ஐந்து வருஷம். பத்து வயசு முடிந்த பிள்ளை தன் பெயரில், தன் கையெழுத்திலேயே சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெரியவனுக்குப் போன வருஷம் தொடங்கினோம். பாஸ்புக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறான்.

இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். நான் பேச வந்த காரணம் இனிமேல்தான்.

போன வருஷம் ஆவணி மாதப் பௌர்ணமி. நாலு பேரும் கிரிவலம் போனோம். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு. பதினாலு கிலோமீட்டர் என்பது பையன்களுக்குப் பெரிய விஷயம் இல்லை, வழியில் பொம்மைக் கடைகள் இருக்கின்றனவே. ஆனால் யம லிங்கம் தாண்டியதுமே பெரியவன் பின்தங்க ஆரம்பித்தான். நிருதி லிங்கம் வரும்போது நன்றாகவே விந்தினான். ஓரமாக உட்காரவைத்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் காலைப் பார்த்தேன். ரெண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போயிருந்தது. குதிகாலில் பழைய புண் உரிந்து ரத்தம் கசிந்தது.

“முள்ளு குத்திச்சாடா?”

“இல்லம்மா. ஷூ.”

“எத்தனை நாளா?”

“ஸ்கூல் தொறந்ததுல இருந்து.”

அதாவது ஜூன் மாதத்திலிருந்து. ஷூ சின்னதாகிவிட்டது. விரலை மடக்கிக்கொண்டு ரெண்டு மாதத்துக்கு மேல் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறான். வீட்டில் வெறுங்காலோடுதான் நடக்கிறான், நான் பார்க்கவில்லை. மெஷினில் குனிந்த தலையை நிமிர்த்தினால்தானே பிள்ளையின் காலைப் பார்ப்பதற்கு.

“ஏன்டா சொல்லல?” என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், உள்ளுக்குள் பயம். அவன் சொன்னான்: “கேட்டா காசு இல்லன்னு சொல்லுவ. வலிக்குதுன்னா ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழலாமான்னு கேப்ப.”

ரெண்டும் நான் சொன்ன வார்த்தைகள்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. பொம்மை கேட்டால் காசு இல்லை. பரோட்டா கேட்டால் காசு இல்லை. விழுந்து முட்டி பேர்ந்தால் ஆம்பளைப் பையன் அழலாமா. எனக்கு அவை வாயில் வரும் வெறும் வார்த்தைகள். அவனுக்கு அவை வீட்டுச் சட்டம். அந்த ரெண்டு சட்டத்தையும் மீறாமல், விரலை மடக்கி நடந்திருக்கிறான்.

அவன் அப்பா மிச்ச தூரத்தில் பாதிக்கு மேல் அவனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வந்தார். பதினோரு வயசுப் பையனுக்கு அது வெட்கம், முகத்தை அப்பா தோளில் மறைத்துக்கொண்டான்.

மறுநாள் ஷூ வாங்கினோம். 480 ரூபாய். அன்று ராத்திரி கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஜூலை மாதத்தில் ரெண்டு பிறந்தநாள் அன்பளிப்புக்கு 700 ரூபாய் எழுதியிருந்தேன். காசு இல்லை என்பது உண்மை இல்லை. காசு வேறு இடத்துக்குப் போயிருந்தது. அந்த உண்மையை நான் பிள்ளையிடம் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று விஷயங்களை மாற்றினோம்.

முதலாவது, ‘காசு இல்லை’ என்ற வார்த்தையை நிறுத்தினோம். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் நாலு பேரும் தரையில் உட்காருவோம். நோட்டை நடுவில் வைத்து, எவ்வளவு வந்தது, எதற்கெல்லாம் போகிறது என்று பையன்களையே எழுதச் சொல்வோம். இப்போது சின்னவன் ஏதாவது கேட்டால், “இந்த மாசம் பௌர்ணமிக்குப் பெரியப்பா வீட்ல வர்றாங்க, அடுத்த மாசம் பார்க்கலாமா?” என்று கேட்கிறேன். அவனும் யோசித்துப் பதில் சொல்கிறான். சில நேரம் ஒத்துக்கொள்வான், சில நேரம் அழுவான். அழட்டும்.

இரண்டாவது முக்கியம். கணக்கைக் காட்டுகிறோம் என்று பாரத்தைப் பிள்ளை தலையில் வைத்துவிடக் கூடாது. முதல் மாதக் கூட்டத்திலேயே பெரியவன், “நான் டூர் போகலம்மா, அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்” என்றான். அவ்வளவு பொறுப்பா என்று ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த நகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினோம்: சாப்பாடு, செருப்பு, மருந்து, பள்ளி. இந்த நாலுக்கும் யாரும் யோசிக்காமல் கேட்கலாம். எங்கிருந்து எடுப்பது என்பது அம்மா அப்பா கவலை. இன்னொன்றும் செய்கிறோம். அந்த ஞாயிறன்று ரெண்டு பேரின் காலையும் நோட்டில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வோம். போன மாதக் கோட்டைவிட இந்த மாதம் வெளியே போயிருந்தால் ஷூவை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

மூன்றாவது, பையன் என்பதற்காக வலியை மறைக்கவும் வேண்டாம், வேலையைத் தவிர்க்கவும் வேண்டாம். பெரியவனுக்கு இப்போது ரசம் வைக்கத் தெரியும், தன் யூனிபாரத்துக்குப் பட்டன் தைக்கத் தெரியும். சின்னவன் சாக்ஸ் துவைப்பான், பாதி சோப்பு தீர்ந்துவிடும், பரவாயில்லை.

செலவில்லாத சந்தோஷமும் நம் ஊரில் நிறைய இருக்கிறது. மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. இந்தத் தீபத்துக்குப் பட்டாசு வேண்டும் என்று சின்னவன் அடம் பிடித்தான். ஊரிலிருந்து வந்த என் மாமனார் காய்ந்த ஆண்பனைப் பூவைக் கொண்டுவந்து, சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுற்றி, பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி மாவளி செய்து கொடுத்தார். மலையில் தீபம் ஏறியதும் பின்பக்கக் காலி மனையில் சுற்றினார்கள். பொறி வட்டமாகப் பறந்தது. நம் குடியிருப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று சுற்றினார்கள். சங்கத் தலைவர் ஐயாவும் ஒரு சுற்று சுற்றினார், சாட்சி இருக்கிறது!

முடிப்பதற்கு முன் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய அலமாரி போட்டால் போதும். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன ஷூ, யூனிபார்ம், புத்தகம், சின்ன சைக்கிள் எல்லாவற்றையும் அங்கே வைக்கலாம். யார் வைத்தது, யார் எடுத்தது என்று நோட்டுப் போட வேண்டாம். ஷூ பழசாகிறதற்கு முன்னால் கால் வளர்ந்துவிடுகிறது, அது எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

இரண்டு, பிறந்தநாளுக்குப் பாட்டு, கேக், விளையாட்டு எல்லாம் இருக்கட்டும். அன்பளிப்பும் ரிட்டர்ன் கிஃப்ட்டும் வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தால் நன்றாக இருக்கும். தனி ஒரு வீடு நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்த வீட்டுப் பிள்ளைதான் தலைகுனியும்.

மூன்று, பார்க்கிங்கில் ‘விளையாடக் கூடாது’ என்று பலகை மாட்டியிருக்கிறோம். காரில் பந்து பட்டால் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் விருந்தினர் பார்க்கிங் சாயங்காலம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. ஐந்திலிருந்து ஆறரை வரை, பௌர்ணமி நாள் தவிர, பிள்ளைகளுக்கு விடலாமா? ரப்பர் பந்து மட்டும். ஏதாவது உடைந்தால் பெற்றோர் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறோம். மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கோச்சிங் அனுப்ப முடியாத வீடுகள் இங்கே எங்களுடையது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

விரலுக்கேத்த வீக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது செலவுக்குச் சரி. பிள்ளையின் விரல் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் நம் வேலைதான். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் ஷூவுக்குள் கையை விட்டு ஒருமுறை பாருங்கள்.

பொங்கல் ஆறுவதற்குள் சாப்பிடப் போகலாம்.